ஷாங்காய்க்குப் போன பெட்டிகள்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் கன்னியம்மாவை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்தோம். எண்ணூரிலிருந்து கிளம்பிய குட்டியானை வண்டி, மே மாத வெயிலில், நண்டுப் பெட்டிகளோடு மீனம்பாக்கம் போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டில் கன்னியம்மா. பின்னால் பெட்டிகளைப் பிடித்தபடி புருஷன் நீலமேகமும் மகள் மகிழினியும். "நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா?" என்று கடிதம் போட்ட வாசகிகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் வினையே ஆரம்பித்தது.

இன்றைக்குத்தான் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக ஒரு நிமிஷம். மற்றவர்கள் காபி குடித்துவிட்டு வரலாம்.

கன்னியம்மா பல வருஷமாகத் தன் மூத்தார் தண்டபாணியின் கொட்டகையில் நண்டு கட்டியவள். மூத்தார் என்றால் புருஷனுடைய அண்ணன். எண்ணூர் கழிமுகத்தில் பிடிபடும் சேற்று நண்டு முழுக்க அந்தக் கொட்டகைக்குத்தான் வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கொடுக்கையும் காலையும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அப்புறம் அது உயிரோடு விமானம் ஏறும். போகிற இடத்தில் செத்த நண்டை யாரும் கையால் தொட மாட்டார்கள். கொட்டகையின் முதல் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்து கட்டுகிறவள் தண்டபாணியின் மனைவி முத்தம்மா. ஓரகத்திகள் இருவரும் பேசி இரண்டு தீபாவளி ஆகிறது. காரணம் ஒரு சீமந்தப் புடவை. அந்தக் கண்றாவியை நாலாவது அத்தியாயத்திலேயே பார்த்துவிட்டோம்.

பத்து நாளைக்கு முன்னால் கன்னியம்மா ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, இந்த நண்டெல்லாம் எந்த ஊருக்குப் போவுது?"

குற்றம் அவ்வளவுதான். "கட்டறது உன் வேல. அனுப்பறது என் வேல. வாய மூடிக்கினு கட்டு," என்றார் தண்டபாணி, அத்தனை பெண்களுக்கும் நடுவில்.

கன்னியம்மா கயிற்றைக் கீழே போட்டாள். நானே அனுப்பிக் காட்டுகிறேன் என்றாள். தண்டபாணி வயிறு குலுங்கச் சிரித்தார். "அனுப்பு. அடுத்த வாரம் சனிக்கெயமைக்குள்ள உசுரோட போய் சேந்துச்சுன்னா உன் வயிக்கே நான் வரல. செத்துப் போச்சுன்னா, சனிக்கெயமை காலைல வந்து இங்க குந்தணும். அப்பால எந்தக் கேள்வியும் கேக்கக் கூடாது, சாவற வரைக்கும்."

ஆக, நண்டு பிழைத்தால் கன்னியம்மா தன் வாசலில் தானே வியாபாரி. செத்தால் ஆயுசுக்கும் அந்த வரிசை. மகிழினி மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள்தான் போனில் தேடிப் பிடித்து, ஷாங்காயில் ஒரு வியாபாரியைச் சம்மதிக்க வைத்தாள். ஒரே ஒரு தடவை பார்க்கிறோம், சரியாக இருந்தால் மேலே பேசலாம் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்திருந்தது.

சரி, வண்டி நின்றுவிட்டது. இறங்குவோம்.

* * *

சரக்குப் பகுதி வாசலில் நவ்ரீன் காத்திருந்தாள். ராயபுரத்துப் பெண். விமானத்தில் சரக்கு அனுப்ப இடம் பிடித்துக் கொடுக்கும் ஆபீசில் இருக்கிறாள். கையில் காகிதக் கட்டு, தலையில் துப்பட்டா, முகம் முழுக்க வியர்வை.

"கரெக்டா வந்துட்டீங்கக்கா. மூணு மணிக்குள்ள பெட்டி உள்ள போய்டணும். இன்னிக்கு நைட்டு சிங்கப்பூர் போவுது. நாளைக்குப் பகல் முழுக்க அங்க கெடக்கும். நாளைக்கு நைட்டு அங்கேர்ந்து ஷாங்காய். சனிக்கிழமை காலைல கைக்குப் போய்டும்."

நீலமேகம் வண்டியிலிருந்து குதித்து வந்தார். "சிங்கப்பூரா? சிங்கப்பூர யாரு கேட்டா? எங்களுக்கு ஷாங்காயி."

"ஷாங்காய்க்குத்தான் அங்கிள். இங்கேர்ந்து நேர் பிளைட் நமக்குக் கெடையாது."

"இன்னா கெடையாது? நானே பாத்தேன்." அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "தோ பாரு. சென்னை டு ஷாங்காய். நாலாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். ஆறு மணி நேரம். போட்டுகீதா இல்லியா?"

நவ்ரீன் பார்த்தாள். போட்டுத்தான் இருந்தது.

நீலமேகத்தைத் திட்டுவதற்கு முன்னால் அவர் தொழிலை நினைத்துப் பாருங்கள். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். இப்போது மீன்பிடித் தடைக்காலம், அதனால்தான் வீட்டில் இருக்கிறார். படகில் ஒரு ஜி.பி.எஸ். உண்டு. போக வேண்டிய இடத்தைக் குறித்தால், இத்தனை மைல், இத்தனை நேரம் என்று காட்டும். அந்தக் கோட்டின் மேலேயே போக வேண்டியதுதான். நடுக்கடலில் யார் நிறுத்தப் போகிறார்கள், எந்த ஸ்டேஷனில் மாறி ஏற வேண்டும்? அதே நம்பிக்கையில்தான் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போனில் போட்டுப் பார்த்தார். தூரம் வந்தது. நேரம் வந்தது. அப்படியொரு விமானம் ஓடுகிறதா என்று போன் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. ஆறு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று தங்கள் தாழங்குப்பத்து டீக்கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார்.

"கடல்ல நேரா போறோம்ல. ஆகாசத்துல நேரா போவக் கூடாதா?" என்றார், குரல் இறங்கி.

"போலாம் அங்கிள். அதுக்கு ஒரு பிளேன் வேணும்ல."

மகிழினி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நவ்ரீன், நீ எங்கிட்ட சொல்லவே இல்லியேடி."

"மெயில்ல ரூட்டு போட்டிருந்தேனே மகி. நீ கூட ஓகேன்னு அனுப்புனியே."

அனுப்பியிருந்தாள். யார்டில் லாரிகள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் மெயிலைத் திறந்து, தேதியை மட்டும் பார்த்து, ஓகே என்று தட்டிவிட்டிருந்தாள். ஆக அப்பன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். கன்னியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் பயப்படக் காரணம் இருந்தது. ஆறு மணி நேரப் பயணம்தானே என்று நம்பி, நாலு பேரிடம் தனியாகக் கேட்டு வாங்கிய செவ்வாய்க்கிழமை நண்டையும் புதன்கிழமை நண்டையும் சேர்த்துப் பெட்டியை நிரப்பியிருந்தாள். ஈரச் சாக்கில் நிழலாகப் போட்டு வைத்தால் நண்டு சில நாள் தாங்கும். ஆனால் இந்த வெயிலில், ஏற்கெனவே இரண்டு நாள் கிடந்ததை இன்னும் இரண்டு நாள் அலைய வைத்தால் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியாதா.

"வேற வயி எதுனா கீதாம்மா?" என்று நவ்ரீனைக் கேட்டாள்.

"உள்ள வாங்க, சாரைக் கேட்டுப் பாக்கலாம்."

பெண்கள் மூவரும் ஆபீசுக்குள் போனார்கள். நீலமேகம் பெட்டிகளோடு வெளியே நின்றார். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போனது தப்பு.

* * *

வேறு வழி இல்லை. டெல்லி போய்ச் சுற்றினால் இன்னும் ஒரு நாள் கூடுதல். திரும்பி வந்தார்கள். வண்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காசிமேட்டுக்காரர் மனசு பதறினால் கை ஐசைத் தேடும். வலையிலிருந்து மீன் விழுந்ததும் ஐஸ், படகு திரும்பும்போது ஐஸ், ஏலத்தில் ஐஸ், லாரியில் ஐஸ். பிறந்ததிலிருந்து பார்த்த வைத்தியம் அது ஒன்றுதான். இரண்டு நாள் போக வேண்டும் என்றதும் நீலமேகம் ஓடிப் போய், எதிர் வரிசை ஜூஸ் கடைக்காரனிடம் கெஞ்சி இரண்டு மூட்டை ஐஸ் வாங்கி வந்துவிட்டார். மேலடுக்குப் பெட்டிகளின் டேப்பைக் கிழித்து, நண்டுகளின் மேல் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ணிகினு கீற?" என்றாள் கன்னியம்மா.

"நீ சும்மா இரு. ரெண்டு நாள் போவணும்னா ஐசு இல்லாத எப்டி?"

"அது செத்த மீனுக்குய்யா. இது உசுரோட கீது."

நீலமேகத்தின் கை அப்படியே நின்றது. விரல் இடுக்கில் ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்தது. உருகினால் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரில் வளர்ந்த நண்டின் மேல் அந்தக் குளிரும் நல்ல தண்ணீரும் சேர்ந்து இறங்கினால் துவண்டு போகும். அவருக்கும் தெரியும். கழிமுகத்துக் கரையில் வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? பயத்தில் மறந்துவிட்டது.

கன்னியம்மா திட்டுவாள் என்று மகிழினி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அடுத்த வாரத்துக்கு மாத்திப் போட்டுடலாமாக்கா?" நவ்ரீன் மெதுவாகக் கேட்டாள்.

"அடுத்த வாரம்னா சனிக்கெயமை தாண்டிப் போய்டும்மா."

"அந்த ஷாங்காய்க்காரங்களும் ஒரு தடவைன்னுதான் சொன்னாங்க," என்றாள் மகிழினி.

நீலமேகம் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். "எல்லாம் என்னாலதான். நான் போய் அண்ணன் கால்ல வுயந்துடறேன் கன்னி. நீ அங்க போய் குந்த வாணாம். நான் பேசிக்கறேன்."

கன்னியம்மா எழுந்துவிட்டாள். இத்தனை நேரம் வராத கோபம் அப்போதுதான் வந்தது.

"யாரு கால்லயும் யாரும் வுய வாணாம். பெட்டிய எறக்குய்யா."

"எத்த?"

"எல்லாத்தையும்."

* * *

வேப்பமர நிழலில், லாரிகளுக்கு நடுவில், பெட்டிகள் எல்லாம் இறங்கின. சாக்கை விரித்து நண்டைக் கொட்டினாள். வேலைக்கு வந்த லோடுமேன்கள் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நாள் பிடிக்கும் ஒவ்வொரு நிறத்தில் கயிறு. எது எந்த நாளில் வந்தது என்று கலந்துவிடாமல் இருக்க. கன்னியம்மா வீட்டிலும் அதே பழக்கத்தில்தான் கட்டியிருந்தாள். செவ்வாய்க்கு நீலம், புதனுக்கு மஞ்சள், இன்று, வியாழன் விடியற்காலை வந்ததற்குப் பச்சை.

"நீலத்தையும் மஞ்சளையும் எடுத்து அப்பால போடு."

மகிழினி திகைத்தாள். "ம்மா, நாலு பெட்டி போய்டுமே."

"போவட்டும்."

"பச்ச?"

"பச்சைல ஐசு பட்டது, வாயில நொர தள்றது, கைல எடுத்தா கனமில்லாதது, அதையும் எடு."

நால்வரும் உட்கார்ந்தார்கள். நவ்ரீனும்தான். ஆபீஸ் சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நண்டைத் தூக்கிப் பார்த்த அந்தப் பெண்ணை நம் வாசகிகள் மறக்கக் கூடாது. கழித்த குவியல் ஏறிக்கொண்டே போனது. நீலமேகத்துக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இன்னாமே இது, இத்தினி கொறஞ்சு போச்சு. அவன் இன்னா நெனப்பான்?"

"நெறைய அனுப்பறேன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. உசுரோட அனுப்பறேன்னுதான் சொன்னேன்."

நீலமேகம் வண்டிக்குப் போனார். கழிமுகத்துத் தண்ணீர் நிரம்பிய கேனை எடுத்து வந்து சாக்குகளை நனைத்தார். பிழிந்து நீட்டினார். பன்னிரண்டு பெட்டி ஏழாகச் சுருங்கியது. அடியில் ஈரச் சாக்கு, மேலே நண்டு வரிசை, அதன் மேல் மறுபடி சாக்கு. பெட்டியை மூடப் போகும்போது நீலமேகம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"கன்னி, மூடி போட்ட பாட்டில்ல ஐசு போட்டு, பேப்பர் சுத்தி, மூலைல வெச்சா? தண்ணி எறங்காது. உள்ள சில்லுனு மட்டும் இருக்கும்."

கன்னியம்மா யோசித்தாள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அந்த வார்த்தையைக் கேட்டாலே அடிக்கப் போயிருப்பாள். "லீக் ஆவாதில்ல?"

"படகு எஞ்சின்ல டீசலே லீக் ஆவாத பாத்துக்கறவன்மே நானு."

"சோக்காத்தான் கீது. வை."

லோடுமேன்களிடம் காலித் தண்ணீர் பாட்டில்களைக் கேட்டு வாங்கினார்கள். மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டினார் நீலமேகம். மகிழினி ஒவ்வொரு பெட்டியின் மேலும் சிவப்பு மார்க்கரில் 'கன்னி' என்று பெரிதாக எழுதினாள். கடைசிப் பெட்டி உள்ளே போனபோது சரக்குப் பகுதி ஆள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கதவில் கை வைத்திருந்தான்.

கழித்த நண்டு ஊருக்குத் திரும்பியது. வியாழன் சாயங்காலம் தெரு முழுக்க நண்டுக் குழம்பு வாசனை. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கன்னியம்மாவே பங்கு போட்டுக் கொடுத்தாள். அவள் வீட்டில் மட்டும் யாரும் ஒரு வாய் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நீலமேகம் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

* * *

சனிக்கிழமை காலை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற கன்னியம்மா கொட்டகைக்குப் போனாள். சேதி எதுவும் வந்திருக்கவில்லை. நீலமேகமும் மகிழினியும் கூடவே வந்தார்கள்.

தண்டபாணி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் மைனர் செயின், கையில் ஸ்டீல் டம்ளரில் டீ. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் இடத்தில் முத்தம்மா. அவள் தலையைத் தூக்கவே இல்லை.

"இன்னா, சேதி வந்துச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

"பிளேனு எறங்கிடுச்சா?"

மகிழினிதான் பதில் சொன்னாள். "விடியக்காலைலயே எறங்கிடுச்சு பெரிப்பா. போன் பண்ணா எடுக்க மாட்றாங்க."

தண்டபாணி டம்ளரைக் கீழே வைத்தார். "நல்ல சேதின்னா எடுப்பான். செத்த நண்டுக்கு எவன் போன் எடுப்பான்? இத்தினி வருசமா நான் பாக்காததா." கயிற்றுக் கட்டு ஒன்றைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு கீது இல்ல. குந்து."

நீலமேகம் ஒரு அடி முன்னால் வந்தார். கன்னியம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

கடைசி வரிசையில் கடைசி இடம் காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். கூடையிலிருந்து ஒரு நண்டை எடுத்து, கட்டைவிரலால் முதுகை அழுத்தி, கயிற்றைச் சுற்றினாள். அவள் அழவில்லை. அழுதால் தண்டபாணி பார்ப்பார் என்பதால் அழவில்லை. அடுத்த நண்டை எடுத்தாள்.

மகிழினியின் போன் அடித்தது.

வீடியோ கால். கொட்டகையில் கைகள் எல்லாம் நின்றன. மகிழினி ஓடி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். திரையில் ஈரத் தரை. ரப்பர் கையுறை போட்ட ஒரு பெண், அம்மா வயதுதான் இருக்கும், சிரிக்காமல் ஏதோ சொன்னாள். பின்னால் அடுக்கி வைத்த பெட்டிகள். மேல் பெட்டியில் சிவப்பு மார்க்கர் எழுத்து.

"ம்மா, நம்ப பெட்டிம்மா."

அந்தப் பெண் கத்தியால் டேப்பை அறுத்தாள். மூடியைத் தூக்கினாள். சாக்கை விலக்கினாள்.

நண்டுகள் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை.

அவள் பெட்டியை லேசாக ஆட்டினாள். அப்போதும் அசையவில்லை. தண்டபாணி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, மகிழினியின் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "போச்சு," என்றார். "நான் சொல்லல?"

நீலமேகம் சுவரில் சாய்ந்துவிட்டார்.

கன்னியம்மா போனைப் பிடுங்கினாள். "கண்ணத் தொடு. ஏம்மா, அதோட கண்ணத் தொட்டுப் பாரு."

"ம்மா, அவங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா. இரு, நான் டைப் பண்றேன்." மகிழினியின் விரல்கள் எழுத்தைத் தேடித் தடுமாறின.

கன்னியம்மா காத்திருக்கவில்லை. போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சுட்டு விரலைத் தூக்கித் தன் கண்ணின் மேல் வைத்து எடுத்தாள். பிறகு விரலைத் திரைக்கு நேராக நீட்டி, கீழே காட்டினாள். மறுபடி தன் கண். மறுபடி கீழே.

குளிரில் நண்டு மரத்துப் போய்க் கிடந்தால் பார்ப்பதற்குச் செத்த மாதிரியேதான் இருக்கும். கண்ணைத் தொட்டால் தெரிந்துவிடும். நண்டைத் தொழிலாக வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும், அவள் எண்ணூரில் இருந்தாலும் சரி, ஷாங்காயில் இருந்தாலும் சரி. திரையில் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. சட்டென்று சிரித்தாள். ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு, பச்சைக் கயிறு கட்டிய ஒரு நண்டின் கண்ணை விரலால் தொட்டாள்.

கண் மடங்கி உள்ளே போனது.

இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் மடங்கியது. மூன்றாவதைக் கையில் தூக்கினாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்த நண்டு, வெளிக்காற்றின் சூடு பட்டதும், கட்டு மீறிப் பின்னங்கால்களைத் துழாவ ஆரம்பித்தது.

கொட்டகையில் ஒரு கிழவி கையைத் தட்டினாள். அவ்வளவுதான், வரிசை கலைந்தது. அத்தனை பெண்களும் கயிற்றைப் போட்டுவிட்டுப் போனைச் சுற்றி வந்துவிட்டார்கள். இரண்டாவது பெட்டி திறந்தது. மூன்றாவது. ஒவ்வொரு சாக்கு விலகும்போதும் இங்கே மூச்சை அடக்கினார்கள், கண் மடங்கும்போது விட்டார்கள். ஏழு பெட்டியும் முடிந்ததும் ஷாங்காய்க்காரி இரண்டு நண்டைத் தனியாக எடுத்துத் தரையில் வைத்தாள். இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரெண்டா? செத்தது மொத்தமே ரெண்டுதானா?" என்றாள் ஒருத்தி. "நம்ப கொட்டகைல ஒரு பெட்டிக்கே அதுக்கு மேல போவும்டி."

தண்டபாணி அவளை முறைத்தார். அவள் கவனிக்கவில்லை.

மகிழினியின் போனில் ஒரு செய்தி விழுந்தது. மொழிபெயர்த்து வாசித்தாள். முதல் தடவை மனசுக்குள். இரண்டாம் தடவை சத்தமாக. "அடுத்த வியாழக்கிழமை இருபது பெட்டி அனுப்ப முடியுமா? இதே போலப் பொறுக்கி எடுத்தது. கண்ணைத் தொடச் சொன்ன அம்மாவே கட்டியதாக இருக்க வேண்டும்."

கன்னியம்மா எழுந்து நின்றாள். இப்போது அழுதாள். தண்டபாணி பார்க்கிறார் என்று தெரிந்தே, நன்றாக, முந்தானையால் துடைக்கக்கூடச் செய்யாமல் அழுதாள். சந்தோஷத்தை யாருக்காக மறைக்க வேண்டும்?

"இன்னா நீலமேகம், ஆறு மணி நேரத்துல போய்டும்னியே," என்று அந்தக் கிழவி சீண்டினாள். "ரெண்டு நாள் ஆய்ச்சாமே."

நீலமேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஆறு மணி நேரத்துக்கு நண்டு எவன் வேணா அனுப்புவான் ஆயா. என் பொண்டாட்டி அனுப்புனது ரெண்டு நாள் தாங்கற நண்டு."

கொட்டகை சிரித்தது. அந்தக் கூரைக்குக் கீழே அத்தனை பெண்கள் ஒன்றாகச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

தண்டபாணி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். தோற்றுப் பழக்கமில்லாத மனுஷர். "நல்லாதான் கீது," என்றார் நிதானமாக. "ஆனா இருபது பெட்டிக்கு நண்டு எங்கேர்ந்து வரும்? இந்த தடவ எங்கியோ நாலு பேருகிட்ட பொறுக்கிட்ட. கயிமொகத்துல கூண்டு போடறவன் எல்லாம் என் கொட்டகைக்குத்தான் குடுப்பான். நான் வாணாம்னா ஒரு நண்டு உன் வாசலுக்கு வராது. புரியுதா?"

புரிந்தது. சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாகக் கீழே குனிந்தன. அவர் சொன்னது பொய்யில்லை. கன்னியம்மா மூத்தாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

முதல் வரிசையில் யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

முத்தம்மா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். மடியில் ஒட்டியிருந்த கயிற்றுத் துண்டுகளைத் தட்டிவிட்டாள். புருஷனைத் தாண்டிக்கொண்டு, பெண்களை விலக்கிக்கொண்டு, ஓரகத்தியின் முன்னால் வந்து நின்றாள். அவர் சொன்னாரே, கழிமுகத்தில் கூண்டு போடுகிறவர்கள் என்று. அதில் பாதிப் பேர் முத்தம்மாவின் கூடப்பிறந்த தம்பிகளும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். அக்காவைக் கட்டிக் கொடுத்த இடம் என்றுதான் இத்தனை வருஷமும் இந்தக் கொட்டகைக்கு நண்டு கொடுத்தார்கள்.

"கன்னி," என்றாள் முத்தம்மா. இரண்டு தீபாவளிக்குப் பிறகு முதல் வார்த்தை. "வியாயக்கெயமை அனுப்பணும்னா அன்னிக்கு விடியக்காலைலயே கட்டணும். நண்டுக்கு என் தம்பிங்ககிட்ட நான் சொல்லிடறேன். உன் வூட்டுக்கு நான் எத்தினி மணிக்கு வரட்டும்?"

"முத்தம்மா," என்றார் தண்டபாணி.

அவள் திரும்பவில்லை.

கன்னியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையிலும் நண்டுக் கயிறு அறுத்த தழும்பு ஒரே இடத்தில் இருந்தது. "நாலு மணிக்கு வாக்கா. டீ போட்டு வெக்கறேன்."

தண்டபாணி நாற்காலிக்குப் போகவில்லை. கொட்டகை வாசலுக்கு நடந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று உள்ளேயிருந்து ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.